நவாபுக்கு மலை வலப்பக்கம்

நான் அறிவு வழி நடப்பவன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான்.

திருவண்ணாமலையில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் வாத்தியார் வேலை. ஒன்பதாம் வகுப்புக்கு இயல்பூக்கமும் அறிவும் என்று ஒரு பாடம். எட்டு வருஷமாக நடத்தி நடத்தி அந்தப் பாடத்தின் மேல் எனக்கு ஒரு சொந்தபந்தமே உண்டாகிவிட்டது. தூக்கணாங்குருவிக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, ஆனால் முட்டையிடும் காலம் வந்தால் கூடு பின்னும், அது இயல்பூக்கம். மனிதன் அப்படியல்ல. யோசிப்பான், அளப்பான், சிமென்ட் விலை விசாரிப்பான், பிறகுதான் கடைக்கால் தோண்டுவான், அது அறிவு. "மனிதன்" என்று சொல்லும்போது என் கை தானாக என் நெஞ்சுக்குப் போய்விடும். இதைப் பிள்ளைகள் கவனித்துவிட்டு, நான் இல்லாத இடத்தில் என் மாதிரியே நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சிரிப்பார்களாம். தலைமையாசிரியரும் சிரித்தாராம். அதுதான் கொஞ்சம் வலித்தது.

வீட்டிலும் எனக்கு ஒரு கிராஃப் நோட்டு உண்டு. எந்தக் காரியமானாலும் அதில் கட்டம் போட்டுத்தான். கல்யாணமான புதிதில் ஒரு ஜோடி செருப்பு வாங்க மூன்று கடைகள் ஏறி இறங்கி, தோல், தையல், அடிப்பாகம் என்று தனித்தனியாக மார்க் போட்டேன். முதலிடம் வந்த செருப்பு மூன்றாம் நாளே கடித்தது. பிழை செருப்பினுடையது என்று முடிவு செய்து நொண்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன். என் மனைவி ஆதிலட்சுமி விளக்கெண்ணெய் கிண்ணத்தை மட்டும் நகர்த்தி வைத்தாள்.

அவள் சொந்த ஊர் அடி அண்ணாமலை. மலையைச் சுற்றி வருகிற பாதையில், மலைக்கு முதுகுப்பக்கம் இருக்கிற கிராமம். தலைப்பிரசவம் என்பதால் ஏழாம் மாதமே தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். நான் சனி, ஞாயிறு சைக்கிளில் போய் வருவேன். செங்கம் ரோட்டில் ஒரு லேடி டாக்டர் சின்னதாக ஆஸ்பத்திரி வைத்திருந்தார். அங்கேதான் காட்டிக்கொண்டிருந்தோம். கடைசித் தடவை போனபோது டாக்டரம்மா முகத்தை அவ்வளவாகச் சிரிக்க விடவில்லை.

"குழந்தை இன்னும் தலை திரும்பலைங்க. உட்கார்ந்த வாக்குலயே இருக்கு. வலி எடுத்தா வீட்டுலயே மருத்துவச்சியை வச்சுப் பார்த்துக்கலாம்னு மட்டும் இருந்துடாதீங்க. உடனே இங்க கூட்டிட்டு வந்துடணும். லேட் பண்ணா ரெண்டு பேருக்கும் ஆபத்து."

நோட்டில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டேன். அடியில் இரண்டு கோடும் போட்டேன். டாக்டரம்மா குறித்த தேதி மே இரண்டு. அதையும் எழுதி வட்டம் போட்டேன். இந்த வட்டம்தான் என்னைக் கவிழ்த்தது.

அந்த வருஷம், எழுபத்தெட்டில், சித்ரா பௌர்ணமி சனிக்கிழமையில் வந்தது. வட்டம் போட்ட தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. முதல் நாள் சாயங்காலமே மாமியார் வீட்டுக்கு வந்துவிட்ட நான், விடிகாலையில் பாத்திரம் உருளும் சத்தத்தில் விழித்தேன். சமையலறையில் போய்ப் பார்த்தால், முந்தின நாள் வரை எழுந்து உட்காரவே என் தோள் தேவைப்பட்ட ஆதிலட்சுமி, பரணில் இருந்த டப்பாக்களையெல்லாம் இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தாள். புளி ஒரு பக்கம், துவரம்பருப்பு ஒரு பக்கம். அரிசிப்பானையை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்த்தினாள். நின்று பார்த்தாள். பிடிக்கவில்லை. திரும்பப் பழைய மூலைக்கே நகர்த்தினாள்.

"என்ன பண்றே?"

"தெரியலீங்க. எல்லாம் அழுக்கா இருக்கற மாதிரி இருக்கு."

என் மாமியார் எல்லம்மாள் வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்ளே, இவள இன்னிக்கே டாக்டரம்மாகிட்ட கூட்டினு போயிடலாங்க."

"ஏன் அத்தை, வலி எடுக்குதா?"

"இல்லீங்க."

"பின்னே?"

"டப்பா கழுவுறா, பாருங்க."

நான் சிரித்தேன். அன்றைக்கு முழுக்க நான் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான். "அத்தை, டப்பா கழுவுறதுக்கும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"அதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. நம்ம கறவை கூட கன்னு போடற அன்னிக்கு இப்படித்தான். இங்க நிக்கும், அங்க நிக்கும், எடமே பத்தாது. உங்க மாமா இதோ கீழ்பென்னாத்தூருக்கு மல்லாட்டை ஏத்திக்கினு போறாரு. மூட்டை மேல வைக்கோல் போட்டு இவளையும் உக்கார வச்சா, செங்கம் ரோட்டுப் பக்கமா சுத்திப் போய் எறக்கி வுட்டுட்டுப் போவாரு."

நான் நோட்டை எடுத்தேன். மாமியாரிடம் பொறுமையாக மூன்று காரணங்கள் சொன்னேன். ஒன்று, இன்னும் பத்து நாள் இருக்கிறது. இரண்டு, தலைப்பிரசவத்தில் வலி எடுத்த பிறகும் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. மூன்று, மாட்டுவண்டிக் குலுக்கலில் போவதுதான் இருக்கிறதிலேயே ஆபத்து. மூன்றும் சரியான காரணங்கள். இன்றைக்கும் யாராவது கேட்டால் அந்த மூன்றையும் சரி என்றுதான் சொல்வேன்.

மாமனார் சடையன் வார்த்தையைச் செலவு பண்ணுகிற ஆள் இல்லை. நுகத்தடியைப் பிடித்தபடி மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். "படிச்சவரு சொல்றாரு" என்றார். வண்டி போய்விட்டது.

எட்டு வருஷமாகத் தூக்கணாங்குருவி பாடம் நடத்துகிறவன் வீட்டில், அவன் கண் முன்னால், அவன் பெண்டாட்டி கூடு கட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்குத் தெரியவில்லை. குருவியாக இருந்திருந்தால் தெரிந்திருக்குமோ என்னவோ.

மத்தியானம் மூன்று மணிக்கு வலி எடுத்தது.

எடுத்ததும் நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? கைக்கடிகாரத்தைப் பார்த்து, கிராஃப் தாளில் ஒரு புள்ளி வைத்தேன். அடுத்த வலி இருபது நிமிஷத்தில். இன்னொரு புள்ளி. அதற்கடுத்தது பன்னிரண்டில். பிறகு ஏழு. புள்ளிகளைச் சேர்த்தால் கோடு வழுவழுவென்று கீழே இறங்கியது. அப்படி ஒரு அழகான கோட்டை நான் வகுப்பில்கூடப் போட்டதில்லை. மாமியார் வந்து நோட்டைப் பிடுங்கி, அடுப்பில் போடவில்லை, அவ்வளவுதான். அரிசிப்பானைக்குள் போட்டு மூடினார்.

"வண்டி பாருங்க மாப்ளே!"

வண்டி எங்கே இருக்கிறது? பௌர்ணமி என்பதால் டவுன் பஸ் இந்தப் பக்கம் வராது. மாமனார் வேர்க்கடலை மூட்டைகளோடு கீழ்பென்னாத்தூரில். என் சைக்கிளின் பின் கேரியரில் ஆதிலட்சுமியை உட்கார வைப்பதை ஒரு கணம் கற்பனை செய்து பார்த்தேன், கற்பனையிலேயே விழுந்தோம். தெருமுனைக்கு ஓடினேன். கிரிவலம் போகிறவர்கள் வெயில் தாழ்வதற்கு முன்னாலேயே நடக்கத் தொடங்கியிருந்தார்கள். வெறுங்காலோடு, தலையில் ஈரத்துண்டோடு, எல்லோரும் ஒரே பக்கமாக.

கோயில் பக்கத்துப் புளியமரத்தடியில் ஒரு ஜட்கா நின்றது.

வண்டிக்காரர் ஜானி பாஷாவை எனக்கு ஏற்கெனவே தெரியும். ஊரில் மூன்று தலைமுறையாக ஜட்கா ஓட்டுகிற குடும்பம். நடக்க முடியாத வயசானவர்களை ஏற்றிக்கொண்டு மலையைச் சுற்றிக் காட்டுவதுதான் அவருக்குப் பௌர்ணமிப் பிழைப்பு. அன்றைக்கு இரண்டு பாட்டிமார்களைக் கொண்டுவந்து கோயிலுக்குள் அனுப்பிவிட்டு, மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். குதிரைக்குப் பெயர் நவாப். வெள்ளையாக இருந்து சாயம் போன நிறம். விலா எலும்புகளைப் படம் வரைந்து பாகம் குறிக்காமலேயே எண்ணலாம். ஆனால் பார்வை மட்டும் ஆற்காட்டையே ஆண்ட பார்வை.

விஷயத்தைச் சொன்னேன். ஜானி பாஷா பீடியைக் கீழே போட்டார்.

"அரே, இதைச் சொல்ல இவ்ளோ நேரமா? ஜல்தி ஏத்துங்க சார். அந்த அம்மாங்க சாமி கும்பிட்டுக்கினு இருக்கட்டும்."

மாமியாரும் நானும் ஆதிலட்சுமியைத் தாங்கிப் பிடித்து ஏற்றினோம். வைக்கோல் மேல் ஜமக்காளம் விரித்து, மாமியார் மடியில் தலை வைத்துப் படுத்தாள். நான் முன்னால் தொற்றிக்கொண்டேன்.

"செங்கம் ரோடு, பாய். லேடி டாக்டர் ஆஸ்பத்திரி."

ஜானி பாஷாவின் கை கடிவாளத்திலேயே நின்றுவிட்டது.

"செங்கம் ரோடா? வந்த வழியா திரும்பணுமா?"

"ஆமா. நாலு கிலோமீட்டர்தானே?"

"நாலுதான் சார். ஆனா நவாப் போவ மாட்டாரே."

"ஏன்?"

"மலை எடது பக்கம் வந்துடும்."

எனக்குப் புரியவில்லை. அவர் அவசர அவசரமாகச் சொன்னது இதுதான். நவாப் குட்டியாக வந்த நாளிலிருந்து மலையைச் சுற்றுவதொன்றுதான் வேலை. கிரிவலம் போகிறவர்கள் மலையை வலப்பக்கம் வைத்துத்தான் சுற்றுவார்கள். பதினோரு வருஷமாக அவருக்கு மலை வலது கண்ணில்தான் தெரிந்திருக்கிறது. இடது கண்ணில் மலை விழுந்தால் நின்றுவிடுவார்.

"நான் அஞ்சு வேளை தொழறேன் சார். இவரு மலையைச் சுத்தறாரு. ஒரே வீட்டுல ரெண்டு மார்க்கம். என் பீவி முன்னி பேகம் கூடச் சொல்லிப் பார்த்துட்டா, கேக்கலை."

"இப்படியே நேரா போனா?"

"போவாரு. குபேர லிங்கம், காஞ்சி ரோடு, டவுனுக்குள்ள பூந்து, அப்பறம் செங்கம் ரோடு."

மலையைச் சுற்றிப் பாதை பதினாலு கிலோமீட்டர். பதினாலில் நாலு போனால் பத்து. பௌர்ணமிக் கூட்டத்துக்குள் ஜட்காவில் பத்து கிலோமீட்டர் என்றால் இரண்டு மணி நேரம். உள்ளேயிருந்து ஆதிலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவது கேட்டது. எனக்குக் கடிகாரம் பார்க்கத் தேவைப்படவில்லை. முந்தின வலியிலிருந்து நாலு நிமிஷம்தான் ஆகியிருந்தது.

"திருப்புங்க பாய். போவுதா இல்லையான்னு பார்க்கலாம்."

திருப்பினார். நவாப் மிக மரியாதையாகத் திரும்பினார். திரும்பியவர் நிற்காமல் திரும்பிக்கொண்டே இருந்து, முழுசாக ஒரு வட்டம் போட்டு, பழைய திசையைப் பார்த்து நின்றார். மறுபடி திருப்பினார். மறுபடி வட்டம். மூன்றாவது வட்டத்தில் வண்டிக்குள் இருந்து மாமியாரின் குரல், "இன்னா மாப்ளே, இங்கயே சுத்துறீங்க?" என்றது.

"சாட்டையால ஒண்ணு வைங்களேன்!"

"அடிச்சா உக்காந்துடுவாரு சார். அப்பறம் அல்லாவே வந்தாலும் எழுப்ப முடியாது."

சரி, இது வெறும் பழக்கம், பழக்கத்தை அறிவால் வெல்லலாம் என்று நான் களத்தில் இறங்கினேன். குதிரை மலையைக் கண்ணால்தானே பார்க்கிறது? என் மேல்துண்டை எடுத்து அதன் கண்களைக் கட்டினேன். இப்போது திருப்பியதும் நவாப் வட்டம் போடவில்லை. ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. கல்லில் அடித்து வைத்த மாதிரி நின்றார்.

"கண்ணைக் கட்டினா மலை எங்க போயிடும் சார்?" என்றார் ஜானி பாஷா. "அது இருக்கற எடத்துலதானே இருக்குது?"

அடுத்து, துண்டை அவிழ்த்துவிட்டு, ஓடிப்போய் ஒரு கட்டு பச்சைப் புல் கொண்டுவந்து மூக்குக்கு எட்டாத தூரத்தில் காட்டினேன். நவாப் கழுத்தை நீட்டினார். அவர் கழுத்து அவ்வளவு நீளும் என்று உடற்கூற்றியல் தெரிந்த எனக்கே தெரியாது. புல்லைத் தின்றார். கால் நகரவில்லை. கூட்டத்தில் நாலைந்து பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் என் நடவடிக்கையைப் பார்த்துவிட்டு, "குதிரைக்கு மந்திரிக்கிறாங்க போல" என்று பக்கத்து ஆளுக்கு விளக்கம் சொன்னார்.

மூன்றாவது யோசனை என்னிடம் இருந்தது. அது என்னவென்று இன்று வரை எனக்கு ஞாபகம் வரவில்லை. ஏனென்றால் அப்போதுதான் ஆதிலட்சுமி கத்தினாள். என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவள் ஒரு நாளும் என் பெயரைச் சொன்னதில்லை.

"சக்கரபாணீ!"

அதற்குப் பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்ததாகச் சொன்னால் அது பொய். என் கை நவாபின் சேணத்து வாரைப் பிடித்து இழுத்துக் கழற்றிக்கொண்டிருந்தது. "சார், சார், இன்னா பண்றீங்க?" என்று ஜானி பாஷா கேட்டது காதில் விழுந்தது. நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். நவாப் வெளியே வந்தார். நான் உள்ளே போனேன். ஏர்க்கால் இரண்டையும் இரண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மலையை இடது பக்கம் வைத்து, இழுத்தேன்.

என் எடையைச் சொல்லிவிடுகிறேன்: நாற்பத்தொன்பது கிலோ. உள்ளே ஒரு நிறைசூலி, ஒரு மாமியார். விசையியல் தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்த நேரத்தில் எனக்கு விசையியல் தெரியாமல் போனது நல்லதாகப் போயிற்று, வண்டி நகர்ந்துவிட்டது.

ஜானி பாஷா ஒரு நிமிஷம் திகைத்து நின்றார். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, ஒரு ஏர்க்காலைத் தன் தோளில் வாங்கிக்கொண்டார். "நவாபு! நீ உன் இஷ்டத்துக்கு இரு!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு என்னோடு சேர்ந்து இழுத்தார்.

எதிரே கூட்டம். மொத்த ஜில்லாவும் எங்களைப் பார்த்து வந்துகொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேர் மட்டும் எதிர்த்திசையில். "வழி விடுங்க! வழி!" என்று கத்தினேன். ஒரு பெரியவர் கையை விரித்து மறித்தார். "இன்னாயா இது, மலையை எடம் சுத்துறீங்க? ஆவாதுய்யா!" என்றார். எனக்குப் பதில் சொல்ல மூச்சில்லை. அவர் குனிந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். வலியில் கண்ணை மூடியிருந்த ஆதிலட்சுமியைப் பார்த்தார், வியர்வை வழிய ஏர்க்காலுக்கு நடுவில் நிற்கிற என்னைப் பார்த்தார். முகம் மாறியது.

"வேண்டுதலாப்பா?"

நான் இல்லை என்று தலையாட்டத்தான் நினைத்தேன். மூச்சு வாங்குகிற வாங்கலில் தலை மேலும் கீழும் போய்வந்தது.

அவ்வளவுதான். "பெண்டாட்டிக்கு வேண்டிக்கினு வண்டி இழுக்கிறாரு! வழி விடுங்கப்பா!" என்று அவர் போட்ட சத்தத்தில் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. "அண்ணாமலையானுக்கு அரோகரா!" என்று எங்கேயோ தொடங்கி, பாதை நெடுக அரோகரா. ஒரு அம்மாள் குடத்துத் தண்ணீரை என் காலில் ஊற்றினாள். தார் ரோட்டுச் சூட்டுக்கு அது தேவாமிர்தமாக இருந்தது. யாரோ என் நெற்றியில் விபூதியை அப்பினார்கள். பாதி கண்ணில் விழுந்தது. அதே வேகத்தில் ஜானி பாஷாவின் நெற்றிக்கும் ஒரு கை வந்தது. அவர் முகத்தைத் திருப்பி, "நமக்கு வேணாங்க, நமக்கு வேற டிபார்ட்மென்ட்டு" என்றார். நாலு வாலிபர்கள் தங்கள் கிரிவலத்தை நிறுத்திவிட்டு, பின்னாலிருந்து வண்டியைத் தள்ள வந்தார்கள். மலையை இடம் சுற்றுவது கூடாது என்று அவர்களுக்கும் தெரியும். ஒருவனும் யோசிக்கவில்லை.

சாமி இல்லை என்று ஆசிரியர் அறையில் மூன்று வருஷமாக வாதாடி வருகிறவன் நான். அன்றைக்கு என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் ஒரு இருபது பேராவது இருப்பார்கள். மறுப்பு தெரிவிக்க எனக்கு நேரமில்லை.

நடுவில் ஒரு இடத்தில் ரோடு ஏறும். அங்கே என் கால் வழுக்கியது. முழங்காலில் விழுந்தேன். வண்டி பின்னால் நழுவப் பார்த்தது; வாலிபர்கள் தாங்கிக்கொண்டார்கள். அப்போது என் பிடரியில் சூடாக ஒரு மூச்சு பட்டது. யாரோ என்னை முதுகில் தள்ளுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பினேன்.

நவாப்.

நாங்கள் அவிழ்த்துவிட்டவர், யாரும் பிடிக்காமல், யாரும் கூப்பிடாமல், மலையை இடது கண்ணில் பார்த்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டராக எங்கள் பக்கத்திலேயே நடந்து வந்திருக்கிறார். என் காலரை முகர்ந்து பார்த்தார். நான் எழுந்ததும் அவரும் நடந்தார்.

"பாய்!" என்று கத்தினேன். "வருது பாய்! எடது பக்கம் வருது!"

"அதான் சார் எனக்கும் பேஜாரா கீது," என்றார் ஜானி பாஷா, மூச்சு வாங்க. "இப்ப பூட்டினா நின்னுடுவாரு. பூட்டாதீங்க. அப்படியே இழுங்க."

இழுத்தோம்.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரம்மா என்னை ஒரு கணம் நோயாளி என்று நினைத்துவிட்டார். பிறகு வண்டிக்குள் பார்த்தார். நர்ஸுகள் ஓடி வந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி உள்ளே போகும்போது ஆதிலட்சுமி என் பக்கம் திரும்பினாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று குனிந்தேன். என் நெற்றி விபூதியைப் பார்த்துவிட்டு, அந்த வலியிலும் அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கதவு மூடிக்கொண்டது.

பிறகு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எனக்கு வேடிக்கையாகச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து காலையில் சொன்ன மூன்று காரணங்களையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். மூன்றும் சரியாகவே இருந்தன. அதுதான் பயமாக இருந்தது. மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காலையில் நான் சொன்னதை அவர் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவரோ என் முழங்கால் காயத்தில் முந்தானையை நனைத்து ஒற்றினார்.

"அத்தை, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இன்னாது?"

"இன்னிக்குத்தான்னு."

"தெரிஞ்சுதுன்னு நான் எப்ப சொன்னேன்? மனசுல பட்டுது." முந்தானையை மறுபடி நனைத்துக்கொண்டே சொன்னார்: "உங்க மாமா மண்டிக்குப் போற அன்னிக்கெல்லாம் எனக்கு இப்படி ஏதாச்சும் ஒண்ணு படும். பாதி தப்பாத்தான் போவும் மாப்ளே. அதெல்லாம் யாரு ஞாபகம் வச்சுக்கறா?"

உள்ளேயிருந்து ஒரு அழுகை கேட்டது. பூனை மாதிரி ஆரம்பித்து, கோபமாக உயர்ந்தது.

பெண் குழந்தை. டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. கால் பக்கமாத்தான் வந்தா. இன்னும் அரை மணி போயிருந்தா எங்கிட்ட வந்தே பிரயோஜனம் இல்லை." என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எதுக்கு வண்டியை இழுத்துட்டு வந்தீங்க? குதிரைதான் இருக்கே?"

"அது மலை எடது பக்கம் இருந்தா வராதுங்க."

"வந்து நிக்குதே!"

திரும்பிப் பார்த்தேன். வாசல் வேலியில் படர்ந்திருந்த ஆஸ்பத்திரி முல்லைக்கொடியை நவாப் மேய்ந்துகொண்டிருந்தார். நான் வெளியே போய் ஜானி பாஷாவிடம் கேட்டேன். அவர் பீடி பற்றவைத்துக்கொண்டு யோசித்தார்.

"எனக்கு இன்னா தோணுதுன்னா சார், முன்னாடி நிக்கும்போதுதான் அவருக்கு வழி, தெசை எல்லாம். பொறுப்பு பாருங்க. பின்னாடி வரும்போது அந்த ரோதனை இல்லை. யாரு முன்னாடி போறாங்களோ அவங்க பாடு."

"அப்போ யாராவது ஒருத்தர் அது மூக்குக்கு முன்னாடி நடந்திருந்தா, அது வண்டியை இழுத்துக்கினு பின்னாலயே வந்திருக்குமா?"

ஜானி பாஷா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"வந்திருக்கும்னுதான் நெனைக்கறேன்," என்றார் மெதுவாக. பிறகு என் முழங்காலைப் பார்த்துவிட்டுச் சட்டென்று, "இல்ல சார், வந்திருக்காது. கண்டிப்பா வந்திருக்காது," என்றார்.

நல்ல மனுஷன்.

கூலி கொடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "பாதி பாரம் நீங்க இழுத்தீங்க, பாதி நான் இழுத்தேன். யாரு யாருக்குக் குடுக்கறது?" அடி அண்ணாமலையில் அந்த இரண்டு பாட்டிமார்களும் காத்திருப்பார்கள் என்று நவாபைப் பூட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பக்கம் போக மலை வலப்பக்கம். நவாப் ஒரு நொடி நிற்கவில்லை; ராஜநடை போட்டுக்கொண்டு போனார்.

உள்ளே ஆதிலட்சுமி கண் விழித்திருந்தாள். முகம் வெளுத்து, தலைமுடி நெற்றியில் ஒட்டி, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தாள்.

"நீங்களா வண்டி இழுத்தீங்க?"

"ம்."

"நான் நவாபுன்னு நெனைச்சேன். இன்னாடா இது, குதிரைக்கு இவ்ளோ மூச்சு வாங்குதேன்னு பாவமா இருந்துச்சு."

"என் பேர் சொல்லிக் கூப்பிட்டியே."

"நானா? போங்க. நான் ஏன் சொல்றேன்?" நிஜமாகவே அவளுக்கு ஞாபகம் இல்லை. இன்று வரை ஒப்புக்கொள்ளவும் இல்லை.

மாமியார் குழந்தையைத் துணியில் சுற்றி என் பக்கம் நீட்டினார். எனக்குத் தூக்கத் தெரியாது. குனிந்து பார்த்தேன். சுட்டுவிரலால் அந்த உள்ளங்கையை லேசாகத் தொட்டேன். ஐந்து விரலும் மடங்கி என் விரலைப் பிடித்துக்கொண்டன. சும்மா இல்லை, இறுக்கிப் பிடித்தன.

இதுவும் நான் எட்டு வருஷமாக நடத்துகிற பாடம்தான். அதே புத்தகம், இரண்டு பக்கம் தள்ளி. பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் எதை வைத்தாலும் பிடிக்கும். அனிச்சைச் செயல். மூளைக்கு இதில் வேலையே கிடையாது. படம் வரைந்து பாகம் குறித்தால் ஐந்து மார்க்.

"அத்தை, இது வெறும் அனிச்சைச் செயல்," என்றேன். "என்னைத் தெரிஞ்சுக்கினு பிடிக்கலை. இந்த எடத்துல ஒரு பென்சிலை வச்சாலும் இப்படித்தான் பிடிக்கும்."

"அப்படிங்களா?" என்றார் மாமியார். "சரி, அப்போ விரலை உருவிக்கினு போய் இவளுக்கு ஒரு சுடுதண்ணி வாங்கினு வாங்க. நான் ஒரு பென்சில் வச்சுடறேன்."

நான் போகத்தான் நினைத்தேன்.

சுடுதண்ணீரைக் கடைசியில் மாமியார்தான் போய் வாங்கி வந்தார். அவர் வந்து, ஆற்றி, ஆதிலட்சுமி குடித்து முடிக்கும் வரை நான் அதே இடத்தில் குனிந்தே நின்றேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. முழங்கால் எரிந்தது. விரல் மரத்தே போய்விட்டது.

"உக்காருங்களேன்," என்றாள் ஆதிலட்சுமி.

"வேணாம்," என்றேன். "அசைஞ்சா விட்டுடுவா."